செலோவுக்கு முன்னால் ஒரு மூச்சு

ஜஸ்ரினுக்குக் கடல் ஒத்துவரவில்லை. மீன்பிடித் தொழிலையே நம்பியிருக்கும் குருநகரில் அதைச் சொல்லிக்கொண்டு திரிவது லேசான காரியமல்ல. பதினாறு வயதில் தகப்பன் யாகோப்பு அவனைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். கரை கண்ணுக்கு மறைவதற்கு முன்பே வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. மூன்றாம் தடவையும் அப்படியே ஆனபோது யாகோப்பு பேசாமல் படகைத் திருப்பினார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். அன்றைய தொழிலையும் கெடுத்துக்கொண்டு, மற்றப் படகுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சொல்லும் சொல்லாமல் தன்னைக் கரையில் இறக்கிவிட்ட அந்த முகத்தை அவனால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு, தன்னால் ஒருவருக்கு நட்டம் வந்துவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அதனாலேயே, அப்படி ஏதும் நடந்தால் மூடிமறைக்கவும் பார்ப்பான். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன.

கோயில் திருநாட்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற ஒருவரோடு சேர்ந்து வயர் இழுக்கப் பழகினான். பிறகு கலியாண வீடியோ. இப்போது நாற்பத்தாறு வயதில் யாழ்ப்பாணம் பட்டினத்துக்குள் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறான். பழைய கசெற்றுகளையும் வீடியோ நாடாக்களையும் பென்ட்ரைவில் ஏற்றிக் கொடுப்பதுதான் அவனுடைய முக்கியமான தொழில். செத்துப்போன தகப்பனின் குரல், பெயர்சூட்டு விழாவில் பாடிய மாமி, ஊரைவிட்டுப் போகுமுன் எடுத்த கடைசிக் கலியாணப் படம் என்று சனங்கள் கொண்டுவருவார்கள். மனைவி ஜெயனி அடுத்த தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள்.

கார்த்திகை மாதத்து மழை ஒன்று விட்ட வெயிலில் மார்கிரட் ரீச்சர் அந்தக் கடைக்கு வந்தார். வட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். எழுபத்தெட்டு வயது, இளைப்பாறிய ஆங்கில ஆசிரியை, கலியாணம் செய்யாதவர், தங்கள் தேவாலயத்தில் நெடுங்காலமாக ஓர்கன் வாசிப்பவர். இதையெல்லாம் கதிரையில் உட்கார்ந்த கையோடு அவரே சொல்லிவிட்டார். பிறகு துணிப்பையிலிருந்து இரண்டு காட்போட் மட்டைகளை எடுத்தார். நடுவில், பழைய உறைக்குள் ஒரு இசைத்தட்டு இருந்தது.

"தம்பி, உமக்கு றெக்கோட் பிடிச்சுப் பழக்கமோ?"

"ஓம் ரீச்சர். ஆனா பாட்டுத் தட்டுகள்தான் வாறது. இது என்ன?"

"இது பாட்டில்லை. ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. நாலே நாலு பேர். செலோ வாசிக்கிறது என்ரை அண்ணை, அன்புராஜா."

எழுபதாம் ஆண்டுக்குச் சற்று முன்னர் கொழும்பில் நான்கு சிநேகிதர்கள் வார இறுதியில் கூடி மேல்நாட்டுச் செவ்வியல் இசை வாசித்து வந்தார்கள். ஒருவர் வைத்தியர், இருவர் கந்தோர் உத்தியோகத்தர், அன்புராஜா ஒரு பொறியியலாளர். ஆசைக்கு ஒருநாள் ஒலிப்பதிவு செய்து, நூறு தட்டுகளை மட்டும் வெளிநாட்டில் அடித்தெடுத்து, தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அன்புராஜா மஞ்சட்காமாலையில் இறந்துபோனார். தங்கைக்குக் கிடைத்த தட்டு தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்த இடப்பெயர்வில் பாய்க்குள் சுற்றியபடி தென்மராட்சிக்குப் போய்த் திரும்பியது. தட்டை வாசிக்கும் பெட்டிதான் திரும்பவில்லை. அதன்பிறகு ரீச்சர் அதைக் கேட்டதே கிடையாது.

"வேறை ஆரிட்டையும் இருக்கிறதா நான் அறியேல்லை. அண்ணையின்ரை சத்தமெண்டு வேறை ஒண்டும் இல்லை. விளங்குதோ?"

"கவனமாச் செய்து தாறன் ரீச்சர்," என்றான் ஜஸ்ரின். சொன்னதை மனதாரத்தான் சொன்னான்.

வடித்த தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டு, மெத்தென்ற துணியால் தட்டின் வரிகளின் வழியே துடைத்தான். அரை நூற்றாண்டு அழுக்கு துணியில் பழுப்பாக இறங்கியது. காய்ந்த பிறகு புது ஊசி போட்டுச் சுழலவிட்டு, கணினியில் பதிந்தான். அது அவனுக்குப் பழக்கமில்லாத இசை. பாட்டும் இல்லை, மேளமும் இல்லை. ஆனால் கொஞ்சநேரம் போக, வலை இழுக்கிறவர்கள் ஆளையாள் பாராமலே ஒரே நேரத்தில் கை மாற்றுவது அவன் நினைவுக்கு வந்தது. அப்படித்தான் அந்த நாலு பேரும் வாசித்தார்கள். பதிந்து முடிந்ததும் ஒரு நல்ல வேலை செய்த திருப்தியோடு தட்டை உறைக்குள் இட்டான். உறையின் அடிப்பக்க ஒட்டு எப்போதோ விட்டுப்போயிருந்தது. மேலால் போட்ட தட்டு கீழால் நழுவி, சீமெந்துத் தரையில் விளிம்பு குத்த விழுந்தது.

எடுத்துப் பார்த்தான். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மூன்று விரற்கடை நீளத்துக்கு மயிர்போல ஒரு வெடிப்பு.

அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வட்டுக்கோட்டைக்குப் போனான். இதை மறைக்க வழியில்லை என்பதும் ஒரு காரணம்தான். ரீச்சர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெடிப்பின் மேல் நகத்தை ஓட்டினார்.

"சத்தம் எடுத்தாச்சோ?"

"முழுக்க எடுத்திட்டன் ரீச்சர். எடுத்தாப் பிறகுதான் விழுந்தது. என்ரை பிழைதான். உறையைப் பாத்திருக்க வேணும்."

"அந்த உறை எப்பவோ கிழிஞ்சது. நான் சொல்லியிருக்க வேணும்." அவர் தட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "எனக்குத் தட்டு என்னத்துக்கு, தம்பி? அண்ணையின்ரை வாசிப்புத்தான் வேணும். அது தப்பிட்டுதெல்லோ. முகத்தை உப்பிடி வைச்சிருக்காதையும். இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

போகும்போது வளவில் பழுத்த கதலிக்குலையில் ஒரு சீப்பை வெட்டிக் கையில் தந்தார். ஏசுவார் என்று எண்ணிப் போனவனுக்கு அந்தப் பழச்சீப்பு நெஞ்சில் ஏறி இருந்தது. இந்த மனுசிக்கு ஒரு குறையும் இல்லாமல் செய்து கொடுக்கவேண்டும் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தான்.

அந்த எண்ணம்தான் வினையாகியது. சடசடப்பை எடுத்தான், இரைச்சலை எடுத்தான். அது போதாதென்று முதற் பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தில் ஊசியின் உராய்வுகூடக் கேட்கக் கூடாது என்று, அந்த இடத்தை அடியோடு மௌனமாக்கினான். அந்த இடைவெளி முடிகிற இடத்தில் திரையில் சிறு மேடு ஒன்று தெரிந்தது. யாரோ மூக்குறிஞ்சுவதுபோல ஒரு சத்தம். அழுக்கென்று எண்ணவில்லை. ஆனாலும் அசிங்கமாக இருக்கிறதே என்று அதையும் தேய்த்துத் தட்டையாக்கினான். அடுத்த கிழமை ஒரு கலியாண வீடியோ வந்தது. கணினியில் இடம் போதவில்லை. முதலில் பதிந்த துப்புரவாக்காத பதிவை அழித்துவிட்டான்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் பென்ட்ரைவையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் கொண்டு ரீச்சர் வீட்டுக்குப் போனான். ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதற் பகுதி முடிந்தது. மௌனம். செலோ தனியாக இரண்டாம் பகுதியைத் தொடங்கியது. ரீச்சர் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, கொஞ்சம் பின்னுக்கு விடும்."

விட்டான். மறுபடி கேட்டார். இன்னொரு தரமும் கேட்டார்.

"இந்த இடத்திலை அண்ணையின்ரை மூச்சுக் கேக்கும். இரண்டாவதை அவர்தான் தொடங்கிறது. தொடங்க முன்னம் மூக்காலை ஒரு மூச்சு இழுப்பார், மற்ற மூண்டு பேருக்கும் அதுதான் கணக்கு. நாங்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறனாங்கள். அம்மா அதுக்காகவே திருப்பித் திருப்பிப் போடுவா."

ஜஸ்ரின் ஸ்பீக்கரை நிறுத்தினான். திரையில் தேய்த்த அந்தச் சிறு மேடு கண்முன் வந்து நின்றது. 'அதை நான்தான் எடுத்தனான்' என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் வெடித்த தட்டு அலுமாரிக்குள் இருந்தது. ஒரு தரம் மன்னித்த முகம் எதிரே இருந்தது.

"இல்லை ரீச்சர். தட்டிலை அப்பிடி ஒண்டும் இருக்கேல்லை," என்றான்.

"நல்லாத் தெரியுமோ?"

"ஓம்."

ரீச்சர் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லேசாகச் சிரித்தார். "அப்ப எனக்குத்தான் பிழைச்சிட்டுதாக்கும். இல்லாததை எல்லாம் இருந்ததெண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்."

வீடு திரும்பும் வழியிலேயே அவனுக்குத் தெரியும், இதற்கு மருந்து உண்டு. வெடித்த தட்டையும் சுழலவிடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். மூச்சு இன்னும் அந்த வரியில் இருக்கிறது. ஆனால் தட்டைக் கேட்டால் ஏனென்று சொல்லவேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டான். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோதுகூட, கோபப்பட்டதையும் ஞாயிறு பூசை தவறியதையும் சொல்லிவிட்டு, இதைச் சொல்லாமல் எழும்பி வந்தான். சாமியார் கொடுத்த செபங்களை மனமில்லாமல் சொல்லி முடித்தான்.

வைகாசியில் வட்டுக்கோட்டைத் தேவாலயத்தில் ஒரு கலியாணம். ஒலியமைப்பு ஜஸ்ரினுடையது. ரீச்சரைக் காணவேண்டி வருமே என்ற பயத்தோடுதான் போனான். ஓர்கனில் ஷரோன் என்ற இளம்பெண் இருந்தாள். மைக்கைச் சரிசெய்கிற சாட்டில் கிட்டப் போய் விசாரித்தான்.

"மார்கிரட் ரீச்சர் வரேல்லையோ?"

"அவ வாசிக்கிறதை விட்டிட்டா அண்ணை. மறதி வந்திட்டுதாம்." ஷரோன் குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கு ஒரு பிழையும் தெரியேல்லை. அவவேதான் சொன்னா, இல்லாத சத்தமெல்லாம் எனக்குக் கேக்குது, இனி என்னை நம்பி ஓர்கனிலை இருத்தாதையுங்கோ எண்டு. பெறாமகன், தங்கச்சியின்ரை மகன் றஞ்சித் அண்ணை, அவவைத் தன்ரை வீட்டை கூட்டிக்கொண்டு போகப்போறாராம். வீட்டை வாடகைக்குக் குடுக்கிற கதையும் அடிபடுது."

அன்று மணமக்கள் வாக்குக் கொடுத்த நேரத்தில் மைக் கீச்சென்று கத்தியது. ஜஸ்ரின் திருகவேண்டிய குமிழை விட்டு வேறொன்றைத் திருகியிருந்தான்.

வீட்டுக்கு வந்து ஜெயனியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தட்டை உடைச்சதை அண்டைக்கே போய்ச் சொன்னனீங்கள்தானே?"

"அதுக்கு அவ ஒண்டும் சொல்லேல்லை. அதாலைதான் இதைச் சொல்ல ஏலாமல் போட்டுது."

"அவ நல்ல மனுசியா இருந்ததுதான் பிழையெண்டுறீங்களோ?" ஜெயனிக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். "அந்த மனுசி அஞ்சு மாசமா, எனக்கு மண்டை குழம்பி விசர் பிடிக்கப் போகுதெண்டு நினைச்சுக்கொண்டு தனிய இருக்குது. நீங்கள் இஞ்சை வந்து என்னட்டைச் சொல்லுறியள். எனக்கு ஏன் சொல்லுறியள்?"

மறுநாள் காலையில் போனான். ரீச்சரின் முன்னறையில் புத்தகங்கள் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. குசினிக் கதவில் பெரிய எழுத்தில் 'காஸ் அடுப்பை நிற்பாட்டு' என்று எழுதி ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னார். ஜஸ்ரின் உட்காரவில்லை.

"ரீச்சர், அந்த மூச்சு தட்டிலை இருந்தது. நான்தான் அழிச்சனான். நீங்கள் கேட்ட உடனை எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இல்லையெண்டனான்."

ரீச்சர் கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் அழிச்சனீர்?"

"அசிங்கமா இருந்தது எண்டு நினைச்சன்."

"அது பறவாயில்லை. உமக்குத் தெரியாது." அவர் முகம் மெல்லச் சிவந்தது. "ஏன் இல்லையெண்டு சொன்னனீர்? நான் மூண்டு தரம் போட்டுக் கேட்டனான். நல்லாத் தெரியுமோ எண்டும் கேட்டனான். அதுக்குப் பிறகு நான் ஒரு பாட்டை நம்பி வாசிச்சிருக்கிறனோ? தேவாலயத்திலை இருந்து ஒவ்வொரு சுரத்துக்கும், இது சரிதானோ, இதுவும் என்ரை மண்டைக்குள்ளை மட்டும் கேக்கிறதோ எண்டு பயந்து பயந்து இருந்தனான். கடைசியிலை என்ரை வாயாலையே விலகினனான். உமக்கு இது விளங்குதோ?"

"ஓம் ரீச்சர்."

"விளங்காது," என்றார் ரீச்சர்.

அவன் போகட்டுமா என்று கேட்க வாயெடுத்தான். அவர் கையை உயர்த்தினார். "உம்மடை மெசினைக் கொண்டுவாரும். இஞ்சை கொண்டுவாரும். தட்டு இந்த வீட்டுப் படி தாண்டாது."

அன்றைக்கே சுழல்தட்டையும் மடிக்கணினியையும் கட்டிக்கொண்டு வந்து மேசையில் வைத்துப் பொருத்தினான். ரீச்சர் தானே அலுமாரியைத் திறந்து தட்டை எடுத்து, தானே அதன்மேல் வைத்தார். ஊசியை வைத்ததும் டக் என்றது. ஒவ்வொரு சுற்றிலும் டக். இரண்டு தரம் ஊசி வெடிப்பில் தடுக்கிப் பாய்ந்து செலோவுக்குள் போய் விழுந்தது. ஊசிக் கைக்குக் கொஞ்சம் பாரம் கூட்டினான். முதற் பகுதியின் கடைசி ஒலி ஓய்ந்தது. டக். ஊசி இரைந்தது. டக். அதற்குப் பிறகு, மூக்கடைத்த ஒரு மனிதன் அவசரமாக இழுத்த மூச்சு. செலோ.

ஜஸ்ரின் ரீச்சரைப் பார்த்தான். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தான். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்காப் போடும்."

போட்டான்.

"இது அண்ணைதானோ? அல்லாட்டி வியோலாக்காரரோ?"

"எனக்குத் தெரியாது ரீச்சர்."

"முந்தி எனக்கு நல்லாத் தெரியும்," என்றார் அவர். "கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். இப்ப கேக்கேக்கை ஒரு சந்தேகம் வந்து குந்திக்கொண்டிருக்குது. அது நீர் தந்தது."

ஜஸ்ரின் தட்டை முதலிலிருந்து முழுக்க ஓடவிட்டுப் பதிந்தான். பதிந்ததை ஒரு தூசும் தட்டாமல் அப்படியே இரண்டு பென்ட்ரைவில் போட்டு மேசையில் வைத்தான். வாசல்வரை வந்த ரீச்சர் சொன்னார்: "உம்மை மன்னிச்சிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு போகவேண்டாம். றஞ்சித்திட்டைப் போம். எனக்குச் சொன்னதை அவனுக்கும் சொல்லும். சொல்லிப்போட்டு, அவன் என்ன சொன்னவன் எண்டு எனக்கு வந்து சொல்லும்."

றஞ்சித் சுண்டுக்குளியில் இருந்தான். வங்கி உத்தியோகம், நிதானமான ஆள், ஜஸ்ரினைவிட நாலைந்து வயது இளையவன். விறாந்தையில் வைத்து எல்லாவற்றையும் கேட்டான். கத்தவில்லை.

"பெரியம்மா அந்த மூச்சுக் கதையை எனக்கும் சொன்னவ," என்றான். "அதை வைச்சு மட்டும் நான் முடிவெடுக்கேல்லை அண்ணை. காஸ் அடுப்பை ரெண்டு தரம் நிப்பாட்டாமல் விட்டிருக்கிறா. வீட்டுத் திறப்பை எங்கையோ வைச்சிட்டு, கதவைத் திறக்க ஏலாமல் அரைநாள் வெளியிலை நிண்டிருக்கிறா. நீங்கள் வந்து சொன்னது நல்லது. ஆனா எல்லாம் உங்களாலைதான் வந்ததெண்டும் நினையாதையுங்கோ."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். ஜஸ்ரினுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. எவ்வளவு தன்னுடைய பங்கு, எவ்வளவு வயதின் பங்கு என்று பிரித்தெடுக்க இனி வழியில்லை. அந்தப் பயத்தினால்தான் அவர் அடுப்பை மறந்தாரோ? அடுப்பை மறந்தவர் மூச்சை மட்டும் சரியாக ஞாபகம் வைத்திருந்தாரோ? முழுப்பழியையும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டால்கூட ஒரு முடிவு இருந்திருக்கும்.

வட்டுக்கோட்டைக்குத் திரும்பி வந்தபோது ரீச்சர் குசினி மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம் றஞ்சித்?"

நல்லதாக ஏதாவது சொல்லிவிட வாய் உன்னியது. 'யோசிக்கிறன் எண்டார்' என்றால் போதும். மனுசிக்கும் சந்தோசம், தனக்கும் சந்தோசம். ஜஸ்ரின் அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டான்.

"இந்த மூச்சுக்காக மட்டும் இல்லையாம் ரீச்சர். நீங்கள் காஸ் அடுப்பை ரெண்டு தரம் நிப்பாட்டாமல் விட்டனீங்களாம். திறப்பையும் துலைச்சனீங்களாம்."

பாதி முறித்த பயற்றங்காய் ரீச்சரின் கையில் அப்படியே நின்றது.

"ஒருதரம்."

"அவர் ரெண்டு தரம் எண்டவர்."

"ஒருதரம் எண்டுறன். மற்றது அவன்ரை பெண்சாதி. தேத்தண்ணி போட வந்தவ." சற்றுப் பொறுத்து, "திறப்பு உண்மைதான்," என்றார். "நீர் ஆரை நம்புறீர்?"

"தெரியாது ரீச்சர்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ம்," என்றார். பயற்றங்காயை முறித்துச் சட்டிக்குள் போட்டார். "அப்ப டொக்டரிட்டைப் போய்ப் பாப்பம். நானே போறன். உவங்கள் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை."

போனார். வயதுக்குரிய மறதிதான், அதற்குமேல் ஒன்றையும் இப்போது சொல்ல ஏலாது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று வைத்தியர் சொன்னாராம். புத்தகப் பெட்டிகளில் பாதி அவிழ்க்கப்பட்டன, பாதி அப்படியே இருக்கின்றன. வீட்டை வாடகைக்குக் கொடுக்கும் பேச்சை றஞ்சித் ஒத்திவைத்தான். ஒன்றுவிட்ட ஒரு ஞாயிறு ரீச்சரும் மற்ற ஞாயிறு ஷரோனும் ஓர்கனில் இருக்கிறார்கள். ரீச்சர் வாசிக்கும் நாளில் ஷரோன் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டது ரீச்சர்தான். முன்பு அப்படி யாரையும் அவர் பக்கத்தில் இருத்தியதில்லை. இதைக் கேள்விப்பட்ட நாளில் ஜஸ்ரின் கடையை வெள்ளெனப் பூட்டிவிட்டுக் கடற்கரையில் போய் இருந்தான்.

ஆவணியில் ரீச்சரின் இலக்கத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. தேவாலயத்துப் பிரசங்க மைக் இரைகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். எந்த இடத்தில் இரைகிறது, எப்போது தொடங்கியது, வயரை யார் மாற்றினார்கள் என்று விபரமாகச் சொன்னார். மைக்கைத் தவிர வேறொன்றையும் கதைக்கவில்லை.

"வாறன் ரீச்சர்," என்று ஜஸ்ரின் சொன்னான். அவர் சரியென்றும் சொல்லாமல் போனை வைத்தார். அவன் கருவிப்பெட்டியை எடுத்து மோட்டார் சைக்கிளில் கட்டினான்.